குழாயின் முதுகுப் பக்கம்

எங்கள் ஊர்த் தொழிற்பயிற்சிப் பள்ளியின் முதல்வர் போன மாதம் வீடு தேடி வந்தார். குழாய் வெல்டிங் வகுப்பு புதிதாகத் தொடங்குகிறார்களாம். ஓய்வு பெற்று வீட்டில் சும்மாதானே இருக்கிறீர்கள், வந்து மாணவர்களிடம் கால் மணி நேரம் பேசுங்கள் என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அது இந்த வயதிலும் மாறவில்லை. "எழுதித் தருகிறேன், யாராவது படித்துக் காட்டுங்கள்" என்று சொல்லித் தப்பித்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. வாக்கியம் எங்கேயாவது கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பற்றுவைப்பு, அதாவது வெல்டிங், கோணினால்தான் பொறுக்கக் கூடாது.

நான் வெல்டராகப் பிறந்தவனல்ல. ராசிபுரத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் நெசவு. எனக்கும் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் உலகமே வேண்டாம். தறிக்காரன் யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதே எனக்கு அந்தத் தொழிலில் பிடித்த விஷயம். ஆனால் இரண்டாவது யுத்தம் வந்ததும் நூல் வரத்து குறைந்தது, பிறகு நின்றே போனது. தறி வெறுமனே கிடந்தது. என் மனைவி வள்ளியம்மாள் கடலைக்காய் உரிக்கப் போனாள். நான் வீட்டில் உட்கார்ந்து தறியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் சேலத்தில் வெல்டிங் சொல்லித் தருகிறார்கள் என்று தமுக்கடித்துப் போனார்கள். யுத்தத்துக்கு ஆள் போதாமல் சர்க்கார் நடத்திய வகுப்பு. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், சாப்பாட்டுக்கு உதவித்தொகை உண்டு. கடைசியில் ஒரு பரீட்சை. தேறியவனுக்கு உடனே ஆலையில் வேலை. தேறாதவனுக்கு ஊருக்குப் பஸ்.

"போயிட்டு வாங்க. அந்தத் தறியத் தொடச்சுத் தொடச்சுத் தேஞ்சு போச்சு" என்றாள் வள்ளியம்மாள்.

எனக்கு அப்போது முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. தேறாமல் திரும்பினால் அந்த வெறும் தறிதான். அவள் உரிக்கும் கடலைக்காயில்தான் இரண்டு பேரும் சாப்பிட வேண்டும். அந்தப் பயத்தோடுதான் பஸ் ஏறினேன்.

வகுப்பு ஒரு தகரக் கொட்டகையில் நடந்தது. உள்ளே நுழைந்ததும் ஒரு நாற்றம் அடிக்கும். கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டால் வரும் வாயுவின் நாற்றம். அழுகிய பூண்டைப் போல இருக்கும். அந்த வாயுவும் ஆக்ஸிஜனும் சேர்ந்து எரிவதுதான் எங்கள் நெருப்பு. நாற்றம் சட்டையிலும் தலைமயிரிலும் ஏறிக்கொள்ளும். சனிக்கிழமை ஊருக்குப் போகும்போது, கரி வாயுவில் ஓடும் அந்தக் கால பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் எனக்கு மட்டும் தாராளமாக இடம் கிடைக்கும்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் தேவசகாயம். திருச்சிக்காரர், ரயில் பட்டறையில் வேலை பழகியவர். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். அவர் யாரையும் ஒரு நாளும் திட்டியதில்லை. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடிவிடும். சாதாரணமாக இருந்தால் "செல்லப்பன், இங்கே வாங்க" என்பார். வேலை கொஞ்சம் கெட்டால் "செல்லப்பன் சார்". மொத்தமாகக் கெட்டால் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, "ஐயா அவர்கள் இதை எந்த எண்ணத்தில் செய்தீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா?" என்பார். அதைவிட ஓர் அறை கொடுத்திருக்கலாம்.

"அவரு 'ஐயா'ன்னாருன்னா எனக்கு ஊருக்கு பஸ் ஏறீரலாம்னு இருக்குதுங்க" என்பான் பழனிச்சாமி. திருச்செங்கோட்டுப் பக்கத்து விவசாயி. கிணறு வற்றிப்போய், மழை வரும் வரைக்கும் என்று சொல்லிக்கொண்டு வகுப்புக்கு வந்தவன். கொட்டகையில் என் பக்கத்து இடம் அவனுடையது. நான் பேசாத பேச்சையும் சேர்த்து அவனே பேசிவிடுவான்.

முதலில் தட்டையான இரும்புத் துண்டுகளை ஒட்டவைத்தோம். கை நடுக்கம் நின்ற பிறகு குழாய்க்கு வந்தோம். குழாயில் என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். தட்டையான இரும்பில் வேலை உங்கள் எதிரே படுத்திருக்கிறது. குழாயில் வேலை உங்களைச் சுற்றிப் போகிறது.

இரண்டு குழாய் முனைகளையும் அரத்தால் சரிவாக அராவ வேண்டும். எதிர் எதிரே வைத்தால் சுற்றிலும் ஒரு பள்ளம் வரும். நடுவில் ஒரு கம்பி நுழையும் அளவுக்கு இடைவெளி விட வேண்டும். இடைவெளி இல்லாமல் ஒட்டினால் வெளியே அழகாக இருக்கும், உள்ளே ஒட்டியிருக்காது. பிறகு நாலு பக்கமும் நெருப்பால் ஒவ்வொரு பொட்டு வைத்து நிறுத்திக்கொண்டு, அடியிலிருந்து மேலே ஏறி வர வேண்டும், முதலில் ஒரு பக்கம், பிறகு மறு பக்கம். இரும்பு உருகிக் குட்டையாக நிற்கும்போது அதன் முன்னால் சின்னதாக ஒரு துவாரம் திறக்கும். அந்தத் துவாரம் திறந்தால்தான் அடி வரைக்கும் உருகுகிறது என்று அர்த்தம். அதைக் கம்பியை உருக்கி மூடி, அடுத்ததைத் திறந்து, மூடிக்கொண்டே போக வேண்டும். திறக்காவிட்டால் அரைகுறை. பெரிதாகத் திறந்தால் ஓட்டை. தேவசகாயம் இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். பிறகு செய்து காட்டிக்கொண்டே இருந்தார்.

செய்து முடித்த குழாயின் ஒரு பக்கத்தை அடைத்துவிட்டு, மறு பக்கம் தண்ணீர் நிரப்பிக் கைப் பம்பால் அழுத்துவோம். பற்றுவைப்பின் மேல் சுண்ணாம்புக் கட்டியை உரசி வெள்ளையாக்கி வைத்திருப்போம். எங்கேயாவது ஒரு ஊசிமுனைக் கசிவு இருந்தாலும் அந்த இடம் கறுத்துக் காட்டிவிடும். இப்போது எக்ஸ்ரே எடுக்கிறார்கள். எங்களுக்குச் சுண்ணாம்புக் கட்டி.

என் குழாய் மட்டும் கறுத்துக்கொண்டே இருந்தது. கை நன்றாகத்தான் ஓடியது. பற்றுவைப்பு வரிவரியாக மீன் செதில் போல வரும். தேவசகாயமே நின்று பார்ப்பார். ஆனால் தண்ணீர் ஏற்றினால் அங்கங்கே கறுப்புப் பொட்டு. அறுத்துப் பார்த்தால் உள்ளே குமிழ் குமிழாக ஆப்பம் மாதிரி இருக்கும். நெருப்பை மாற்றிப் பார்த்தார், கம்பியை மாற்றிப் பார்த்தார். பழனிச்சாமியின் கம்பியை எனக்குக் கொடுத்து என் கம்பியை அவனுக்குக் கொடுத்தார். அவன் குழாய் கசியவில்லை, என்னுடையது கசிந்தது. என் பெயருக்குப் பின்னால் 'சார்' வந்து, 'சார்' போய் 'ஐயா' வந்துவிட்டது.

"இந்த ரேட்ல போனா அடுத்த வாரம் 'மகாராஜா'ம்பாருங்க" என்றான் பழனிச்சாமி.

ஒரு நாள் காலையில் தேவசகாயம் தன் வேலையை விட்டுவிட்டு, என் எதிரே ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். நீங்க உங்க பாட்டுக்குச் செய்யுங்க" என்றார். அராவினேன், இடைவெளி பார்த்தேன், பொட்டு வைத்தேன். கம்பியை எடுக்கும் முன் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையில் இரண்டு விரலை விட்டு எடுத்தேன். கம்பியின் முனையை விரலால் உருவினேன். பள்ளத்தின் விளிம்பையும் ஒரு தடவை தடவினேன்.

"நில்லுங்க. பையில என்ன?"

"சாம்பலுங்க."

"சாம்பலா?"

எனக்கு அதில் என்ன ஆச்சரியம் என்று புரியவில்லை. தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாட்டு இழை, முடிந்தால் அடுத்த பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாக முறுக்கி இணைக்க வேண்டும். எங்கள் வீட்டில் விரலில் சாம்பல் தொட்டுத்தான் அதைச் செய்வோம். சாம்பல் இல்லாவிட்டால் இழை வழுக்கும், முறுக்கு நிற்காது. இரண்டு முனைகளை இணைப்பதென்றால் என் விரல் தானாகச் சாம்பலுக்குப் போகும். எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். யாரிடமும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதற்குப் பேச வேண்டியிருந்திருக்கும்.

திக்கித் திக்கி இதைச் சொன்னேன். தேவசகாயம் பையை எட்டிப் பார்த்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். பெட்டியிலிருந்து விழுந்துவிடுவார் போலிருந்தது. கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

"ஏனுங்கண்ணா, குழாயக் கும்பிட்டுத் திருநீறு பூசிப்போட்டு ஒட்ட வெச்சிருக்கீங்களே! அப்பறம் சாமி வந்து ஆடாம என்ன பண்ணும்?" என்றான் பழனிச்சாமி.

தேவசகாயம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாம்பல் உருகி இரும்புக்குள்ள மாட்டுது, அதான் குமிழ் வருது. இரும்புக்கு நடுவுல இரும்பைத் தவிர ஒண்ணும் இருக்கக் கூடாது. பையைக் கழட்டி வெச்சிட்டுச் செய்யுங்க, செல்லப்பன்" என்றார். அன்றைக்கு மத்தியானம் செய்த குழாயில் சுண்ணாம்பு வெள்ளையாகவே இருந்தது.

கடைசி மாதம் கண்ணாடி வேலை. குழாய்கள் எல்லாம் நடு ஹாலில் தொங்குவதில்லை. ஆலைகளில் சுவரை ஒட்டித்தான் போகும். முன் பக்கத்தை நேரே பார்த்து ஒட்டலாம். முதுகுப் பக்கத்துக்குத் தலையை எங்கே விடுவது? சுவருக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அதில் தெரிவதைப் பார்த்து ஒட்ட வேண்டும். கண்ணாடியில் எட்டப் போவது கிட்ட வருவது போல் தெரியும். கையை இழுத்தால் நெருப்பு முன்னே போகும். முதல் நாள் பழனிச்சாமி தன் சட்டைக் கையையே பற்றவைத்துக்கொண்டான்.

எனக்கு இது மட்டும் முதல் நாளிலேயே வந்தது. பட்டுச் சேலையில் கரைப் பூ போடும்போது நாங்கள் நல்ல பக்கத்தைக் கீழே விட்டு நெய்வோம். பூ சரியாக விழுகிறதா என்று பார்க்க, பாவுக்கு அடியில் பளபளவென்று துலக்கிய பித்தளைத் தட்டம் ஒன்றைச் சாய்த்து வைத்திருப்போம். குனியாமலே அடிப்பக்கம் தெரியும். தலைகீழாகப் பார்த்து வேலை செய்வது எனக்குப் பழக்கம்.

ஆனால் கண்ணாடிகளுக்கு நெருப்புப் பழக்கமில்லை. நாளுக்கொன்றாகச் சூட்டில் விரிசல் விட்டன. யுத்த காலத்தில் புதுக் கண்ணாடி எங்கே கிடைக்கும்? பரீட்சை வாரத்தில் கொட்டகையில் நல்லதாக ஒன்றுதான் மிச்சம். சனிக்கிழமை ஊருக்குப் போனபோது வள்ளியம்மாளிடம் இதைச் சொன்னேன். அவள் எழுந்து போய்த் தறிக்கு அடியிலிருந்த பித்தளைத் தட்டத்தை எடுத்துப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கத் தொடங்கினாள்.

"இது ஒடையாதில்லீங்க" என்றாள்.

பரீட்சைக்குச் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். காக்கி அரைக்கால் சட்டை, பெரிய தொப்பி, நல்ல கனமான உடம்பு. சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று வந்ததும் சொல்லிவிட்டார். கொட்டகையின் பின்சுவரில், முழங்கை கூட நுழையாத இடைவெளியில் குழாய் கட்டியிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் இணைப்பு. முதுகுப் பக்கத்தை நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக முடிக்க வேண்டும். நிறுத்தினால் அந்த இடம் ஆறிப்போய்ப் பலவீனமாகும், ஆகவே தோல்வி. அதிகாரி அடுத்து எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது.

எனக்கு முன்னால் பழனிச்சாமி. முகம் வெளிறிப் போயிருந்தாலும் வேலையைப் பிசகில்லாமல் முடித்தான். கடைசிப் பொறி பறந்ததும் 'டிக்' என்று ஒரு சத்தம். இருந்த ஒரே கண்ணாடி குறுக்கே இரண்டாக விரிந்துவிட்டது.

"அடுத்து யாரு?" என்றார் அதிகாரி.

நான் பையிலிருந்து பித்தளைத் தட்டத்தை எடுத்தேன்.

"என்னய்யா இது? பரீட்சைக்கு வந்தியா, சீர் கொண்டு வந்தியா?"

நான் தேவசகாயத்தைப் பார்த்தேன். அவர்தான் எடுத்துச் சொன்னார். அதிகாரி தட்டத்தில் தன் மீசையைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டு, சரி என்றார். ஆனால் தாங்கியில் கண்ணாடி செருகும் பள்ளத்துக்குத் தட்டம் பொருந்தவில்லை. விளிம்பு மடிந்த தட்டம். யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். கூடப் படித்தவன் பிடிக்கக் கூடாது, சொல்லிக் கொடுத்தவரும் பிடிக்கக் கூடாது, சட்டம் அப்படி. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "கொண்டாய்யா, நானே பிடிக்கிறேன். ரயில் போயிடும்" என்று கைக்குட்டையைச் சுற்றித் தட்டத்தை வாங்கிக்கொண்டு, சுவரோரம் குந்தி உட்கார்ந்தார்.

முன் பக்கம் எளிதாக முடிந்தது. முதுகுக்கு வந்தேன். கண்ணுக்கு மாட்டியிருந்த கறுப்புக் கண்ணாடி வழியே தட்டத்தைப் பார்த்தால், அதில் உருகிய இரும்பு மஞ்சளாக ஒரு சொட்டு. அதன் முன்னால் துவாரம் திறந்தது. மூடினேன். அடுத்தது திறந்தது. தறி போலவே இருந்தது. பாதி தூரம் ஏறியிருப்பேன். திடீரென்று சொட்டு பக்கவாட்டில் ஓடிப்போய், தட்டத்தில் என் காது தெரிந்தது.

அதிகாரிக்கு ஆசை. நான் செய்வதைத் தானும் பார்க்கலாம் என்று தட்டத்தைத் தன் பக்கம் திருப்பியிருக்கிறார். அங்கே துவாரம் திறந்து நிற்கிறது. நான் பார்க்காமல் மூட முடியாது. நெருப்பை எடுத்தால் தோல்வி. நெருப்பு நின்றால் ஓட்டை. தறியும் கடலைக்காயும் ஒரு நொடி கண்ணில் வந்து போயின.

"அட, அசையாதீங்க சாமீ!"

யாரோ கத்துகிறார்கள் என்று நினைத்தேன். அது என் குரல்தான். தகரக் கூரை அதிர்ந்தது. தட்டம் டக்கென்று பழைய இடத்துக்கு வந்தது, பிறகு கல்லில் அடித்து வைத்தது போல் நின்றது. துவாரத்தை மூடினேன். ஏறினேன். உச்சிக்கு வந்து, முன் பக்கம் முடிந்த இடத்தோடு சேர்த்து முடித்து, நெருப்பை அணைத்தேன்.

அப்போதுதான் பித்தளை எவ்வளவு சீக்கிரம் சூடேறும் என்பது என் நினைவுக்கு வந்தது. அதிகாரி தட்டத்தைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கை விரல்களையும் மாறி மாறி ஊதிக்கொண்டிருந்தார். கைக்குட்டையில் பழுப்பாக ஒரு வட்டம் தீய்ந்திருந்தது. அவர் விட்டிருக்கலாம். விடவில்லை.

"யாருய்யா கத்தினது?" என்றார்.

"செல்லப்பனுங்க. நாங்களும் இன்னைக்குத்தானுங்க அவரு கொரலக் கேக்கறோம்" என்றான் பழனிச்சாமி.

தேவசகாயம் கையைக் கட்டிக்கொள்ளவில்லை. நான் அதைத்தான் பார்த்தேன்.

குழாய் ஆறியதும் சுண்ணாம்புக் கட்டியை உரசினார்கள். முதுகுப் பக்கத்துக்குச் சுண்ணாம்பு மாவைத் துணியில் தொட்டுத் தடவினார்கள். தேவசகாயம் பம்பை அழுத்தத் தொடங்கினார். முன் பக்கம் வெள்ளை. முதுகைப் பார்க்க வேண்டுமானால் மறுபடி தட்டம் வேண்டும். இந்தத் தடவை அதிகாரி அதை என் கையில் கொடுத்துவிட்டு, பார்ப்பதற்கு அவர் குனிந்தார்.

தட்டத்தைச் சுவரோரம் நீட்டினேன். கறுப்பு தெரிந்தால் அவ்வளவுதான், இன்றைக்கே பஸ். என் கையில் தட்டம் ஆடியது. அதிகாரி தொப்பியைக் கழற்றினார், கண்ணைச் சுருக்கினார், இன்னும் கிட்டக் குனிந்தார். பிறகு, என் குரலைவிடப் பெரிய குரலில், எங்கள் ஊர் இழுவை கொஞ்சமும் பிசகாமல் கத்தினார்:

"அட, அசையாதீங்க சாமீ!"

கொட்டகை வெடித்துச் சிரித்தது. பம்பை விட்டுவிட்டுத் தேவசகாயமும் சிரித்தார். சிரிப்பில் என் கை எப்படியோ நின்றுவிட்டது. அதிகாரி நிதானமாகப் பார்த்தார், கீழிருந்து மேல் வரைக்கும். பிறகு நிமிர்ந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "வெள்ளையா இருக்கு. அடுத்து யாரு?" என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் முப்பது வருஷத்துக்கு மேல் ஆலைகளில் குழாய் ஒட்டினேன். நீராவிக் குழாய், தண்ணீர்க் குழாய், சாயப்பட்டறைக் குழாய். எத்தனையோ முதுகுகள். அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஒழுகவில்லை என்பதைத் தவிர. பழனிச்சாமியும் என்னோடுதான் வேலைக்குச் சேர்ந்தான். மறு வருஷம் நல்ல மழை பெய்தது, சொன்னபடியே வயற்காட்டுக்குப் போய்விட்டான். அவன் போன பிறகு ஆலையில் என் பக்கம் ரொம்ப அமைதியாகிவிட்டது.

பரீட்சை முடிந்த அன்று ஊர் போய்ச் சேர்ந்தபோது வள்ளியம்மாள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வாயைத் திறக்கும் முன்னே தட்டத்தை வாங்கிப் பார்த்தாள். நடுவில் கறுப்பும் நீலமுமாக ஒரு தழும்பு. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை.

"என்னுங்க பண்ணுனீங்க இத?"

சொன்னேன். வேலை கிடைத்ததைத்தான் முதலில் சொன்னேன். அவள் கையிலிருந்த கடலைக்காயை முறத்தில் போட்டாள், அதற்கப்புறம் அன்றைக்கு அதை எடுக்கவில்லை. ஆனால் அதிகாரியை நான் அதட்டிய இடத்துக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"நீங்க சத்தம் போட்டீங்களா? அதிகாரியவா? கொழம்புல உப்பில்லீன்னு என்கிட்ட ஒரு நாளாச்சும் சத்தமாச் சொல்லியிருக்கீங்களா?"

"அவசரத்துல வந்துருச்சு."

"எங்க, எப்படிச் சொன்னீங்கன்னு ஒருக்காச் சொல்லிக் காட்டுங்க பாக்கலாம்."

தட்டத்தை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, வேண்டுமென்றே இப்படியும் அப்படியும் ஆட்டினாள். நான் எவ்வளவோ முயன்றேன். சிரிப்புத்தான் வந்தது, குரல் வரவில்லை.

மேடையில் பேசச் சொன்ன முதல்வருக்கு என் பதிலும் அதுதான். இணைப்பு பாதியில் நிற்க, யாராவது கண்ணாடியை ஆட்டினால் நான் பேசுவேன். நன்றாகவே பேசுவேன். கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்.